வாசல் சீட்டு

காலையில் கண் விழித்ததும், வாய் கொப்புளிப்பதற்கு முன்பே, மெற்றில்டா செய்கிற முதல் வேலை இடம் பார்ப்பது. கையடக்கத் திரையான கைச்சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற வெளியூர்க்காரி விசாரிப்பதுபோல, "நல்ல கருவாடு எங்க கெடைக்கும்?" என்று கேட்பாள். அதிலிருக்கும் தேடி என்கிற குரல், ஊர்களை வரிசையாகச் சொல்லும். மேட்டுத்துறை முதலில் வந்தால் அன்றைக்குக் காப்பிக்குச் சீனி தேவையில்லை. மூன்றாவதாக வந்தால் பாத்திரம் உருளும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக அவள் மேட்டுத்துறையின் காட்டுநர். ஊரைத் தேடியின் கண்ணில் படும்படி வைத்திருப்பதுதான் அவள் தொழில்.

இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள் பழைய காலத்து மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும். கடல் பழைய கரையைத் தின்று தீர்த்து, மீதி நிலத்தில் மணல் இஷ்டத்துக்கு அலைய ஆரம்பித்த பிறகு, சாலை போடும் எந்திரங்கள் மாதம் ஒரு முறை வழியை மாற்றிப் போட்டன. வண்டிகள் எல்லாம் தானோடிகள். ஏறி உட்கார்ந்து ஊர் பெயரைச் சொன்னால் போதும். வழியை மனதில் வைத்திருந்த கடைசி ஆள் செத்து நாற்பது வருடம் ஆகிறது. தண்ணீர் வண்டி, மருந்து வண்டி, மீன் எடுக்க வரும் வியாபாரி, கல்யாணத்துக்கு வரும் சம்பந்தி என்று எதுவாக இருந்தாலும் தேடியைக் கேட்டுத்தான் வரும். தேடியின் பட்டியலில் இருக்கிற ஊர் ஊர். இல்லாதது இல்லை, அவ்வளவுதான்.

பட்டியலில் இருப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. தினமும் காலை பத்து மணிக்கு ஊர்வான் என்கிற கண்ணுக்குத் தெரியாத எந்திரம் பக்கம் பக்கமாக ஊர்ந்து படித்துவிட்டுப் போய்த் தேடியிடம் சொல்லும். ஊர்வான் மரியாதை தெரிந்தது. பக்கத்தின் வாசலில் அதற்கென்று ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்த பிறகுதான் உள்ளே காலை வைக்கும். உள்ளே வந்தால் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். பழசு அதற்கு ஆகாது. அதனால் மேட்டுத்துறையில் யார் வீட்டில் பூனை குட்டி போட்டாலும் செய்திதான். டீக்கடைக்குப் பெயரே 'அருகிலுள்ள நல்ல டீக்கடை'. கஸ்பார் அண்ணாச்சியின் படகுக்குப் பெயர் 'இன்று பிடித்த மீன்'. முந்தின நாள் பிடித்த மீனையும் அதே படகில்தான் விற்பார், அது வேறு கதை.

இதெல்லாம் போக, கைகாட்டி வேண்டும். அதாவது இன்னோர் ஊர் தன் பக்கத்தில், 'அந்த ஊருக்குப் போங்கள், நல்ல ஊர்' என்று நம் பக்கம் கைகாட்ட வேண்டும். பெரிய ஊர் கைகாட்டினால் இடம் மேலே போகும். சூதாட்டக் கூடமும் சாராயக் கிடங்கும் நம்மைக் காட்டினால் அசிங்கம். தேடி நம்மையும் அந்தக் கும்பலோடு சேர்த்து ஒதுக்கிவிடும். பிடிக்காத ஊரைக் கவிழ்க்க அப்படி வேண்டுமென்றே அழுக்குக் கைகாட்டிகளை ஏவி விடுவதை இந்தத் தொழிலில் மண் வாருவது என்பார்கள்.

அந்தக் காலையில் மெற்றில்டா கேட்டபோது மேட்டுத்துறை முதலில் வரவில்லை. மூன்றாவதாகவும் வரவில்லை. நூறாவதாகவும் வரவில்லை. ஊர்ப் பெயரையே சொல்லிக் கேட்டாள். "அப்படி ஓர் இடம் இல்லை. வேறு எங்கே போகலாம்?" என்றது தேடி, மிகவும் இனிமையான குரலில். பத்தாவது நாளாக இதே பதில்தான்.

பத்து நாளாகத் தண்ணீர் வண்டி வரவில்லை. ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. கடல் வழியாகப் போய்க் கொண்டு வரலாமே என்றால், பட்டியலில் இல்லாத ஊர்ப் படகை நகரத்துத் துறைமுகம் சேர்த்துக்கொள்ளாது. தேடியிடம் முறையிடுவதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதில் முதல் கேள்வி, உங்கள் இடத்தின் பெயர் என்ன. எழுதினால், அப்படி ஓர் இடம் இல்லை. நல்ல நியாயம்!

ஆறாம் நாள் சிலுவையின் மனைவி ரோஸ்லினுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. சிலுவை மருத்துவ வண்டியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப் போனான். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல், அப்படி ஓர் இடம் இல்லை, வேறு எங்கே போகலாம் என்று கேட்டது. பொழுது சாய்வதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. சிலுவை அழவில்லை. கைச்சட்டத்தைக் கல்லில் வைத்து, அது தூளாகிற வரைக்கும் இரும்புக் கம்பியால் அடித்தான். அந்தக் கம்பியை அப்புறம் அவன் கீழே வைக்கவே இல்லை.

பத்தாம் நாள் தொட்டியடியில் அரைக் குடம் தண்ணீருக்காக இரண்டு பெண்கள் கட்டிப் புரண்டார்கள். ஒருத்தி பித்தளைக் குடத்தால் மற்றவளின் மண்டையில் போட்டாள். ரத்தம் தொட்டித் தண்ணீரில் கலந்தது. அப்படியும் அந்தத் தண்ணீரை நான்கு பேர் மொண்டு கொண்டு போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கஸ்பார், ஊரைக் கூட்டச் சொல்லிவிட்டார். மேட்டுத்துறையில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஏ மெற்றிலு, இப்பமாவது வாயத் தொறந்து சொல்லு. யாரு வேல இது?" என்று கூட்டத்தில் கேட்டார் கஸ்பார்.

மெற்றில்டா பத்து நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். பக்கம் பளிச்சென்று இருக்கிறது. சொற்கள் சரி. படங்கள் சரி. புதுச் செய்தி தினமும் போட்டிருக்கிறது. ஆனால் கைகாட்டிகளை எண்ணிப் பார்த்தபோது, பெயர் தெரியாத சாராயக் கிடங்குகள் ஏழெட்டு மேட்டுத்துறையைக் காட்டிக்கொண்டிருந்தன. இப்படி நாலைந்து எந்த ஊருக்கும் ஒட்டும். நாய் மேல் உண்ணி மாதிரி. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சிலுவையின் முகம் எல்லோருக்கும் முன்னால் இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"மண்ணு வாரிருக்கானுவ அண்ணாச்சி."

"எவன்?"

"பனையடிக்காரனுவ தவுர வேற யாரு நம்ம மேல கைய வப்பா?"

பனையடி என்றதும் கூட்டம் கொதித்தது. உப்பங்கழியை ஒட்டிய ஊர் அது. போன வருடம் கருவாட்டில் யாருக்கு முதல் இடம் என்பதில் இரண்டு ஊருக்கும் வெட்டுக்குத்து ஆகி, கஸ்பாரின் தம்பிக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றே இரண்டு ஊரும் ஒன்றையொன்று காட்டிய கைகாட்டிகளைப் பிடுங்கி எறிந்தன. பனையடியின் காட்டுநர் பெயர் இன்னாசி. நகரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு தொழில் படித்தவன். பிடுங்கச் சொன்ன அன்றைக்கு அவன் அவளுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தான்: "நம்ம ரெண்டு பேருக்கும் இதுல சண்ட இல்ல, மெற்றிலு." அவள் பதில் போடவில்லை.

"அவன மண்ண எடுக்க வைக்கணும்," என்றார் கஸ்பார். "எடுத்துட்டாம்னா விட்டுட்டு வந்துரலாம். எடுக்கலன்னா..." அவர் முடிக்கவில்லை. சிலுவை கம்பியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

மறுநாள் விடிந்ததும் இருபத்தெட்டு ஆண்கள் கிளம்பினார்கள். மண்ணை அவன் சரியாக எடுக்கிறானா என்று பார்க்க ஆள் வேண்டுமே என்று மெற்றில்டாவையும் கூட்டிக்கொண்டார்கள். மேட்டுத்துறைக்குள் எந்த வண்டியும் வராது என்பதால் மூன்று மைல் மணலில் நடந்து, சார்ஜ் நிலையத்துக்குப் போய், பதினொரு மணி வரை காத்துக் கிடந்து இரண்டு தானோடிகளைப் பிடித்தார்கள். "பனையடி" என்றார் கஸ்பார். "பனையடி, மணி பன்னிரண்டுக்குச் சேரும். பயணம் இனிதாகட்டும்," என்றது வண்டி. தானோடிக்கு அரிவாளும் ஒன்றுதான், அன்னாசிப் பழமும் ஒன்றுதான்.

உச்சி வெயிலில் பனையடி சாப்பாட்டு நேரத்தில் இருந்தது. முதல் அடி விழுந்தது கருவாட்டுப் பந்தலில். உலர்த்திய பரண்களைத் தள்ளித் தீ வைத்தார்கள். ஓடி வந்த ஒருவனின் தோளில் அரிவாள் இறங்கி அங்கேயே சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்க வெட்டியவன் அவன் நெஞ்சில் காலை வைத்து இழுக்க வேண்டியிருந்தது. ஒருத்தி கொதிக்கிற சோற்றுப் பானையோடு வந்து ஒருவன் முகத்தில் கொட்டினாள். அவன் போட்ட அலறலில் மெற்றில்டா காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு கிழவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, "காட்டுநர் வீடு எதுல?" என்று உலுக்கினான் சிலுவை. கிழவர் கையை மட்டும் நீட்டினார். அடி வாங்கினவர், பாவம், வேறென்ன செய்வார்?

இன்னாசி தன் பட்டறையில்தான் இருந்தான். தட்டில் பாதிச் சோறு. அவன் மனைவி வியாகுலத்தை இரண்டு பேர் வாசலிலேயே மடக்கிச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒருவன் கையைக் கடித்துச் சதையைத் துப்பினாள். அவன் அவளை அறைந்த அறையில் அவள் சுருண்டு விழுந்தாள். கஸ்பார் இன்னாசியின் சட்டையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"எடுல, நாயே. எங்க ஊரு மேல வாரிப் போட்ட மண்ண எடு."

இன்னாசியின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் கஸ்பாரைப் பார்க்கவில்லை, மெற்றில்டாவைத்தான் பார்த்தான்.

"நான் எதயும் போடல மெற்றிலு. ஒன் ஊரு காணாமப் போன அன்னைக்கே பாத்துட்டேன். அஞ்சு தடவ தகவல் அனுப்புனேன். இல்லாத ஊருக்குத் தகவல் போவாதாமே, திரும்பித் திரும்பி வந்துட்டு." மூச்சு வாங்கினான். "நீ ஒன் வாசச் சீட்டப் பாத்தியா?"

மெற்றில்டா நாட்களைப் பின்னோக்கி எண்ணினாள்.

ஊர் காணாமல் போவதற்கு முந்தின வாரம், கோயில் கொடியேற்றத்துக்காக ஊர்ப் பக்கத்தை அவள் புதிதாகக் கட்டியிருந்தாள். இரண்டு நாள் வேலை. பாதி கட்டிய பக்கத்தை ஊர்வான் படித்துவிட்டால் இடம் இறங்கிப்போகும். அதனால் வேலை முடிகிற வரைக்கும் வாசல் சீட்டில் ஒரு வரி எழுதி வைப்பது தொழில் வழக்கம்: 'உள்ளே வராதே'. ஓரிரு நாள் என்றால் தேடி பொறுத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். அன்றைக்குக் கொடி ஏறுகிற நேரம் நெருங்கிவிட்டது, கஸ்பார் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். வரியை அழித்த ஞாபகம் இல்லை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் இல்லை. மனிதர்கள் பார்த்தால் பக்கம் ஜம்மென்று இருக்கும். சீட்டு ஊர்வானின் கண்ணுக்கு மட்டும்தான். தினமும் பத்து மணிக்கு அது வந்து, வாசலில் நின்று, அவள் எழுதிய வரியைப் படித்து, சொன்ன பேச்சைத் தட்டாமல் திரும்பிப் போயிருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா! வாசல் சீட்டைப் பார்ப்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பொடியன்களின் வேலை. அதனால்தான் அவள் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். 'நிறுத்துங்க, தப்பு எம்மேலதான்' என்று நாலு வார்த்தை. அவளுக்கு மூன்று மூச்சு நேரம் இருந்தது. முதல் மூச்சில் ரோஸ்லினின் முகம் வந்தது. இரண்டாவதில் சிலுவையின் கம்பி கண்ணில் பட்டது. மூன்றாவது மூச்சில் அவள் நினைத்தது வெறும் வெட்கக்கேடு: இருபத்திரண்டு வருட காட்டுநர், பொடியன் செய்கிற தப்பைச் செய்தாள் என்று நாளைக்கு ஊர் பேசுமே! கடவுள் மன்னிப்பாரோ மாட்டாரோ, அவள் வாயை அடைத்தது அந்த மூன்றாவதுதான்.

"என்னக்கா சொல்லுதான் இவன்?" என்றான் சிலுவை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேச்ச மாத்துதான்," என்றான் சிலுவை. கம்பி இறங்கியது. முதல் அடியில் இன்னாசி நாற்காலியோடு சாய்ந்தான். இரண்டாவது அடி கேட்ட விதமே வேறு மாதிரி இருந்தது. சிலுவை அதற்கப்புறமும் நிறுத்தவில்லை, ஒவ்வோர் அடிக்கும், "இல்லாத எடமால? இல்லாத எடமால?" என்று கேட்டுக்கொண்டே அடித்தான். சோற்றுத் தட்டில் ரத்தம் தெறித்தது. மெற்றில்டா, "போதும்லே, போதும்!" என்று கத்தியபோது அவளுக்கே தன் குரல் அசிங்கமாகப் பட்டது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு, பிணத்துக்கு முன்னால் கத்துவதில் என்ன பிரயோசனம்?

திரும்புகையில் மேட்டுத்துறை ஆட்கள் இரண்டு பேர் இல்லை. ஒருவனைப் பனையடியின் பெண்களே அடித்துக் கொன்றுவிட்டார்கள். இன்னொருவன் வண்டியில் குடல் சரிந்து, "தண்ணி, தண்ணி" என்றபடியே போனான். சார்ஜ் நிலையத்தில் இறங்கி, பிணத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தார்கள்.

ஊருக்குள் வந்ததும் மெற்றில்டா கஸ்பாரைத் தனியே கூப்பிட்டாள். சீட்டை எடுத்துக் காட்டினாள். அவள் எழுதிய வரி அப்படியே இருந்தது. கஸ்பார் அதைப் படித்துவிட்டுத் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இத வேற யாருக்குத் தெரியும்?"

"இன்னாசிக்குத் தெரியும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. மூச்சு விடாத. காலையில வரிய அழி. அடிச்ச அடியில பனையடிக்காரன் மண்ண எடுத்துட்டான்னு ஊருல சொல்லிக்கிடுதேன். செத்தவன் வீட்டுல என்னத்தச் சொல்லிப் பொணத்த எடுக்கது, சொல்லு? ஒன் மறதிக்காவச் செத்தான்னா?"

"வரிய அழிச்சா தண்ணி வண்டி மட்டுமா அண்ணாச்சி வரும்? இப்ப பனையடிக்காரனுக்கு நம்ம ஊரு எங்க இருக்குன்னு தெரியாது. தேடி இல்லங்குது. அதனாலதான் இன்னும் வரல. நாளைக்குப் பத்து மணிக்கு ஊர்வான் படிச்சதும் அவனுவளுக்கும் வழி தெரிஞ்சிரும்."

"வரட்டும். வெட்டுவோம்."

"எத்தன பேர வெட்டுவீக? புள்ளையளையுமா கொண்டு நிறுத்துவீக?"

"அப்பம் அழிக்காத. தாகத்துல சாவோம்." அவர் எழுந்துகொண்டார். "போ, போய் வேலயப் பாரு."

மெற்றில்டா போய் வேலையைத்தான் பார்த்தாள். விடிந்ததிலிருந்து அவள் அந்த ஒரு வேலையைத்தான் செய்தாள், அதுவும் வாழ்க்கையில் அதுவரை செய்யாத அக்கறையோடு.

வரியை அழிக்க ஒரு நொடி ஆயிற்று. அதற்கப்புறம் புதிதாக ஒரு பக்கம் கட்டினாள். ஊர்ப் பக்கத்தில் தன் வீட்டுக்கென்று தனியாக, தன் வாசலுக்கு வழி காட்டுகிற பக்கம். பனையடியில் இன்றைக்கு என்ன கேட்பார்கள்? நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறவள் அச்சுத் தமிழில் கேட்க மாட்டாள். அவள் வாயில் எப்படி வருமோ அப்படியே எழுதினாள்: எம் புருசன யாரு கொன்னா. இன்னாசியக் கொன்னவ வீடு எங்க. மேட்டுத்துறைக்காரனுவ எங்க இருக்கானுவ. அத்தனை கேள்விக்கும் ஒரே பதில் வரும்படி கட்டினாள். பதிலில் எதையும் மறைக்கவில்லை. வாசல் சீட்டில் நான் எழுதிய வரி, நான் மறந்தது, ரோஸ்லினும் அவள் பிள்ளையும் அதனால் செத்தது, பனையடி என்று நான் பொய் சொன்னது, இன்னாசி உண்மையைச் சொன்ன பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது. கம்பியைப் பிடித்த கை யாருடையது என்பதை மட்டும் எழுதவில்லை. கொன்றது மெற்றில்டா, வீடு இது என்று முடித்தாள்.

புதுப் பக்கம் ஒரே நாளில் முதல் இடத்துக்கு வராது. கனமான ஒரு கைகாட்டி வேண்டும். மேட்டுத்துறைக்கு இப்போது யார் கைகாட்டுவார்கள்? வெறும் நப்பாசையில், தங்களைக் காட்டும் பக்கங்களை மறுபடி ஒருதரம் அலசினாள். சாராயக் கிடங்குகளைத் தள்ளி, தள்ளி, அடியில் ஒன்று இருந்தது. பனையடிப் பக்கத்தின் கடைசி மூலையில், யார் கண்ணுக்கும் படாத சின்ன எழுத்தில், 'காட்டுநர் மெற்றில்டா, மேட்டுத்துறை, தொழில் தெரிந்தவள்' என்று ஒரு கைகாட்டி. சண்டை நடந்து ஒரு வருடம் ஆகியும் இன்னாசி அதைப் பிடுங்கவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான். மெற்றில்டா கைச்சட்டத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அந்தக் கைகாட்டி வந்து சேரும் இடத்தில் தன் புதுப் பக்கத்தை வைத்தாள்.

பத்து மணிக்கு ஊர்வான் வந்தது. வாசலில் தடை இல்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் படித்தது.

பதினொன்றரைக்குத் தண்ணீர் வண்டி தெருமுனையில் திரும்பிய சத்தத்தைக் கேட்டு ஊரே ஓடியது. குடத்தோடு ஓடினவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே ஓடினார்கள். "வணக்கம், மேட்டுத்துறை. முதல் குடம் வைக்கலாம்," என்றது வண்டி, ஒன்றுமே நடக்காததுபோல. கஸ்பார் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரன் கைச்சட்டத்தில் எதையோ படித்துவிட்டு, சிலுவையின் முகத்துக்கு நேரே நீட்டினான். சிலுவை படித்தான். மறுபடியும் படித்தான். அப்புறம் கம்பியை எடுத்துக்கொண்டு மெற்றில்டாவின் வீட்டை நோக்கி நடந்தான்.

மெற்றில்டா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து நின்றான்.

"சொல்லிருக்கலாம்லாக்கா," என்றான். "அங்கன வச்சாவது சொல்லிருக்கலாம்லா. நான் ஒண்ணுந்தெரியாத ஒருத்தன..." கம்பியைத் தூக்கினான். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது, ஏனென்றால் அவனுக்குப் பின்னால் ஒரு தானோடி வந்து நின்றிருந்தது.

அது தண்ணீர் வண்டியருகே நிற்கவில்லை, கஸ்பாரின் வீட்டையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே இந்த வாசலுக்கு வந்து, "சேர வேண்டிய இடம் இதுதான்," என்றது. வியாகுலம் தனியாக இறங்கினாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கையில் மீன் வெட்டும் அரிவாள்.

"நீதானா?"

"நாந்தான்."

"தேடுனதும் மொதல்ல நீதான் வந்த. எப்படி மாத்திக் கேட்டாலும் ஒன் வாசலத்தான் காட்டுச்சு." வியாகுலத்தின் குரல் உடைந்திருந்தது, அழுகை தீர்ந்துபோன குரல். "எங்க ஆளுவ நாப்பது பேரு சார்ஜ் நெலையத்துல நிக்கானுவ. ஊரோட கொளுத்தணும்னு நிக்கானுவ. எம் புருசன் உசுருக்கு நான் கேக்கேன், ஒரு மணி நேரம் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துருக்கேன். அவரு ஒன்னயப் பத்திச் சொல்லுவாரு. தொழில்ல அவள அடிச்சுக்க ஆளு கெடயாதும்பாரு."

மெற்றில்டா தலையை நிமிர்த்தவில்லை.

"எந்தக் கையாலட்டீ அந்த வரிய எழுதுன?"

எந்த வரியைக் கேட்கிறாள், 'உள்ளே வராதே' என்றதையா, 'கொன்றது மெற்றில்டா' என்றதையா என்று மெற்றில்டா ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. இரண்டையும் எழுதியது ஒரே கைதான். வலது கையை எடுத்து வாசற்படிக் கல்லின் மேல், உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்தாள்.

தெருவில் ஆட்கள் குடங்களை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். கஸ்பார் கையில் கிடைத்த துடுப்போடு முன்னால் வந்தார். சிலுவை அவர்களுக்குக் குறுக்கே போய், கம்பியை இரண்டு கையாலும் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. ரோஸ்லின் செத்த அன்றைக்கு வராத கண்ணீர் அது.

"யாரும் கிட்டப் போவாதிய," என்றான். "போனா கொன்னு போடுவேன்."

வியாகுலம் படியின் முன் மண்டியிட்டாள். இடது கையால் மெற்றில்டாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரிவாள் உயர்ந்து இறங்கியது. ஒரே வெட்டில் முடியவில்லை. இரண்டாவது தடவையும் இறங்க வேண்டியிருந்தது. மெற்றில்டா போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த காக்கைகள் கலைந்தன.

வியாகுலம் எழுந்து, அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு, வண்டியில் ஏறினாள். "பனையடி," என்றாள். "வழியில சார்ஜ் நெலையத்துல நிறுத்து, எங்க ஆளுவளயும் திருப்பிக் கூட்டிட்டுப் போவணும்." வண்டி கிளம்பியது.

சிலுவை கம்பியை எறிந்துவிட்டுத் தன் சட்டையைக் கிழித்து மெற்றில்டாவின் கையை இறுக்கிக் கட்டினான். கட்டிக்கொண்டே, இன்னொருவனின் கைச்சட்டத்தைப் பிடுங்கி மருத்துவ வண்டியைக் கூப்பிட்டான். "மேட்டுத்துறை," என்றான். "மேட்டுத்துறை, காட்டுநர் மெற்றில்டா வீடு."

"இடம் தெரியும்," என்றது அந்த இனிமையான குரல். "பதினெட்டு நிமிடத்தில் அங்கே இருப்போம்."

தெருமுனையில் தண்ணீர் வண்டி, அடுத்த குடம் வைக்கலாம், அடுத்த குடம் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.